மறந்துவிட்டதா, எடுக்க வரவில்லையா? நினைவை மீட்டுத் தரும் முன்நெற்றிப் புறணி

2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஓர் அறிக்கை வெளியானது. ரகசிய ஆவணங்களை ஜோ பைடன் தன் வீட்டில் வைத்திருந்ததைப் பற்றி விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஹர், வழக்குத் தொடர வேண்டியதில்லை என்று முடிவு செய்திருந்தார். அதற்கு அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று மட்டும் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது: ஜூரிகளின் கண்ணுக்கு பைடன், ஞாபகசக்தி குறைந்த நல்ல மனதுள்ள முதியவராகத் தெரிவார். மகன் போ பைடன் எப்போது இறந்தார் என்பதை, சில ஆண்டுகள் முன்பின்னாகக்கூட அவரால் சொல்ல முடியவில்லை என்றும் அறிக்கை சொன்னது.

அடுத்த மாதம் விசாரணையின் எழுத்துப்படி வெளியானது. அதைப் படித்தால் விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. மே 30 என்று மாதத்தையும் தேதியையும் பைடனே சொல்லியிருந்தார். 2015 என்ற ஆண்டை உடனிருந்தவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். "2015-லா இறந்தான்?" என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தார்.

இரண்டு நாள் விசாரணையின் பதிவை வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையும் அதைச் சொல்லப் போவதில்லை. ஆனால் செய்தியைப் படித்த பலருக்கும் ஒரு குழப்பம் வந்தது. தேதி ஞாபகம் இருக்கிறது, ஆண்டு இல்லை என்றால் அது என்ன வகை மறதி? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நினைவை ஆராயும் நரம்பியல் அறிஞர் சரண் ரங்கநாத் அப்போதே எழுதிய விளக்கத்தின் சாரம் இதுதான்: ஒரு விஷயம் அந்த நேரத்தில் எடுக்க வராமல் போவது ஒன்று, அது மூளையிலேயே இல்லாமல் போவது வேறொன்று. நாம் இரண்டையும் 'மறதி' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இந்த வேறுபாடு புரிய வேண்டுமானால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணி என்ற பகுதி என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அடிப்படை: நினைவின் மூன்று படிகள்

1. பதிவு: பார்த்ததும் கேட்டதும் மூளைக்குள் நினைவாக உருவாவது. கவனம் இல்லாவிட்டால் இந்தப் படியிலேயே விஷயம் நழுவிவிடும். சாவியை எங்கே வைத்தோம் என்பது பெரும்பாலும் 'மறந்த' விஷயமே அல்ல, சரியாகப் பதிவாகாத விஷயம்.

2. சேமிப்பு: பதிவானது நாட்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நிலைத்திருப்பது.

3. மீட்பு: தேவைப்படும்போது அதை வெளியே எடுப்பது.

மூன்றாவது படி தனியாகவே பழுதாகலாம் என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர், டொரன்டோவில் பணியாற்றிய உளவியலாளர் என்டல் டல்விங். 1966-இல் அவரும் செனா பேர்ல்ஸ்டோனும் கனடாவின் பள்ளி மாணவர்களுக்குச் சொற்பட்டியல்களைப் படிக்கக் கொடுத்தார்கள். நீளமான பட்டியலில் 48 சொற்கள் இருந்தன. சொற்கள் வகைவாரியாகத் தரப்பட்டிருந்தன. பிறகு ஒரு பகுதி மாணவர்களிடம் வெறும் தாளைக் கொடுத்து, ஞாபகம் வருவதை எழுதச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு வகைப் பெயர்களை மட்டும் துப்பாகக் கொடுத்தார்கள். துப்பு கிடைத்தவர்கள் நிறைய எழுதினார்கள். அதோடு விடவில்லை. வெறும் தாளில் எழுதித் திணறியவர்களுக்கும் அதே துப்புகளைக் கொடுத்துப் பார்த்தபோது, சற்றுமுன் வராத சொற்கள் அவர்களுக்கும் வந்தன.

அந்தச் சொற்கள் எல்லாம் அவர்கள் மூளையில்தான் இருந்தன. கையிருப்பில் இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு. நினைவு பற்றிப் பேசும் எவரும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

சேமிக்கும் இடம் ஒன்று, தேடும் இடம் வேறு

1953-இல் ஹென்றி மோலைசன் என்ற 27 வயது அமெரிக்கருக்கு வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு பக்கமும் காதுக்கு உட்புறமாக ஆழத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் 2008-இல் இறக்கும்வரை அவரால் புதிய நிகழ்வு எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. சற்றுமுன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் அவருக்குப் புது ஆள். ஆனால் இளமைக்கால விஷயங்களைப் பற்றி அவரால் பேச முடிந்தது, உரையாட முடிந்தது, அறிவுத்திறன் குறையவில்லை. ஹிப்போகேம்பஸ் இல்லாமல் புதிய நினைவு உருவாகாது என்பது அவரை வைத்துத்தான் உறுதியானது.

நெற்றிப் பகுதி மூளை சேதமடைந்தவர்களைப் பார்த்தால் படம் முற்றிலும் வேறு. அவர்களிடம் சொற்பட்டியலைக் காட்டிவிட்டு, "இந்தச் சொல் அதில் இருந்ததா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். "பட்டியலில் இருந்ததையெல்லாம் நீங்களே சொல்லுங்கள்" என்றால் திணறுவார்கள். அடையாளம் காண முடிகிறது, தானாக நினைவுகூர முடியவில்லை.

இன்னும் இரண்டு குறைகள் அவர்களிடம் தெரிந்தன. ஒன்று, வரிசை. மான்ட்ரியாலில் பிரெண்டா மில்னரின் குழு இதைச் சோதித்தது. தொடர்ச்சியாகச் சில அட்டைகளைக் காட்டிவிட்டு, அவற்றில் இரண்டைக் காட்டி "எது பிந்தி வந்தது?" என்று கேட்டார்கள். இரண்டையும் பார்த்தது அவர்களுக்குத் தெரிந்தது. எது பிந்தியது என்று தெரியவில்லை. மற்றது, மூலம். 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட நோயாளிகளுக்குச் சில புதிய தகவல்களைக் கற்பித்து, ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். தகவல் ஞாபகம் இருந்தது. அதை எங்கே, யாரிடம் கற்றோம் என்பதைத் தவறாகச் சொன்னார்கள்.

முன்நெற்றிப் புறணி செய்யும் வேலைகள்

புறணி என்பது மூளையின் வெளிப்புறத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும் அடுக்கு. புருவத்துக்கு மேலே, நெற்றி எலும்புக்குப் பின்னால், உடல் அசைவை இயக்கும் பகுதிகளுக்கு முன்பாக இருப்பது முன்நெற்றிப் புறணி. மூளையில் மிகத் தாமதமாக முதிர்ச்சியடையும் பகுதிகளில் இதுவும் ஒன்று. இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ச்சி தொடர்கிறது.

இங்கே நினைவுகள் மூட்டை கட்டி வைக்கப்படுவதில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் பழைய பத்திரத்தின் நகல் கேட்டுப் போனால், எந்த ஆண்டு, எந்த சர்வே எண், யார் பெயரில் என்று கேட்டு, தேடி, வந்தது கேட்ட பத்திரம்தானா என்று ஒப்பிட்டுப் பார்த்துத் தரும் எழுத்தரின் வேலையைத்தான் இந்தப் பகுதி செய்கிறது. அந்த வேலையைப் பிரித்துப் பார்த்தால்:

1. துப்பு அமைப்பது. "போன தீபாவளிக்கு யார் யார் வந்தார்கள்?" என்று கேட்டால் பதில் அப்படியே வந்து விழுவதில்லை. அது எந்த ஊரில் கொண்டாடிய தீபாவளி, மழை பெய்ததா, எத்தனை பேருக்கு இலை போட்டோம் என்று நமக்கு நாமே கேள்விகளை அடுக்குகிறோம். ஒவ்வொன்றும் ஹிப்போகேம்பஸுக்குப் போகும் ஒரு துப்பு. அதில் ஒன்று பொருந்தினால் நிகழ்வு மொத்தமாக எழுந்து வருகிறது.

2. போட்டியைத் தீர்ப்பது. ஒரே துப்புக்குப் பல நினைவுகள் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வரும். மூத்தவனைக் கூப்பிட நினைக்கும் அம்மா, இளையவன் பெயரையும் தன் தம்பி பெயரையும் சொல்லிவிட்டுத்தான் சரியான பெயருக்கு வருவார். எல்லாம் 'வீட்டுப் பிள்ளைகள்' என்ற ஒரே துப்பின் கீழ் கிடக்கும் பெயர்கள். வேண்டாததை அடக்கி வேண்டியதைத் தேர்ந்தெடுப்பதில், இடப்பக்க முன்நெற்றிப் புறணியின் கீழ்ப்பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு.

3. சரிபார்ப்பது. வந்த நினைவு கேட்ட கேள்விக்குப் பொருந்துகிறதா, மற்ற விஷயங்களோடு ஒத்துப்போகிறதா, நேரில் பார்த்ததா, யாரோ சொல்லிக் கேட்டதா என்று பரிசோதிப்பது. முன்நெற்றிப் புறணியின் மேல்-பக்கவாட்டுப் பகுதி இதில் ஈடுபடுகிறது.

4. 'இது சரிதான்' என்ற உணர்வு. விவரமாக ஆராய்வதற்கு முன்பே நமக்குள் ஒரு சரி, தப்பு உணர்வு எழும். அதற்குக் கீழ்-நடுப் பகுதி தேவைப்படுகிறது.

தேவையில்லாத நினைவு வரும்போது அதைத் தடுப்பதும் இதே பகுதிதான். 2004-இல் மைக்கேல் ஆண்டர்சன் குழு, சில சொல் இணைகளைப் படிக்க வைத்துவிட்டு, ஒன்றைப் பார்க்கும்போது மற்றது மனதில் வரவே விடாதீர்கள் என்று சொல்லி மூளையைப் படம் பிடித்தது. முன்நெற்றிப் புறணியின் செயல்பாடு கூடியது, ஹிப்போகேம்பஸின் செயல்பாடு குறைந்தது. அப்படி அடக்கப்பட்ட சொற்கள் பிறகு கேட்டபோது குறைவாகவே நினைவுக்கு வந்தன.

நேரடி ஆதாரம் உண்டா?

மூளைப் படங்களில் ஒரு பகுதி ஒளிர்ந்தால், அந்த வேலைக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதனால் 2015-இல் பிரியா ராஜசேதுபதியும் ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டெய்செராத் குழுவினரும் எலிகளில் செய்த ஆய்வு எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. முன்மூளையின் நடுப்புறப் புறணியிலிருந்து ஹிப்போகேம்பஸுக்கு நேராக ஓடும் நரம்பிழைகளை அவர்கள் கண்டுபிடித்தார்கள். குறிப்பிட்ட ஓர் இடத்தில் அதிர்ச்சி வாங்கிப் பயந்த எலியை வேறு இடத்தில் வைத்து, அந்த இழைகளை மட்டும் ஒளியால் தூண்டினார்கள். எலி பயந்து உறைந்து நின்றது. அதாவது மேலிருந்து கீழே போகும் ஒரு கட்டளையே நினைவை எழுப்பிவிட்டது.

மனித மூளையில் விஷயம் இவ்வளவு நேர்க்கோடாக இல்லை. 1994-இல் டல்விங் குழு, இடப்பக்க முன்நெற்றிப் புறணி பதிவுக்கும் வலப்பக்கம் மீட்புக்கும் அதிகம் உழைக்கிறது என்று ஒரு மாதிரியை முன்வைத்தது. பின்னர் வந்த ஆய்வுகள், சொல்லா படமா என்பதைப் பொறுத்தும் பக்கம் மாறுகிறது என்று காட்டின. அப்புறம், முன்நெற்றிப் புறணி பதிவிலும் கலந்துகொள்கிறது என்பதை மறக்கக் கூடாது. 'மீட்பு மட்டும்தான் இதன் வேலை' என்று எங்காவது படித்தால் நம்ப வேண்டாம்.

ஆண்டு மட்டும் ஏன் நழுவுகிறது?

ஒவ்வொரு நினைவின் மேலும் மூளை தேதி முத்திரை குத்தி வைப்பதில்லை. காலத்தைச் சொல்ல வேண்டிய ஒவ்வொரு முறையும் அதை நாம் கணக்கிட்டு எடுக்கிறோம்: அப்போது எந்த வீட்டில் இருந்தோம், எந்த வேலையில் இருந்தோம், மகள் எந்த வகுப்பு படித்தாள். இதில் பெரும்பகுதி முன்நெற்றிப் புறணியின் துப்பு அமைக்கும், சரிபார்க்கும் வேலை. அதனால்தான் மணியையோ மாதத்தையோ சரியாகச் சொல்பவர்கள்கூட ஆண்டில் தவறுவது ஆரோக்கியமான மனிதர்களிடமும் காணப்படுகிறது. ஆய்வாளர்கள் இதை நெடுங்காலமாகக் கவனித்திருக்கிறார்கள்.

இறந்த நாளுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. நெருங்கியவரின் இறந்த தேதி ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. நம் வீடுகளில் திதி, மற்ற ஊர்களில் கல்லறைப் பிரார்த்தனை. ஒவ்வொரு முறை எடுக்கப்படும்போதும் அந்த நினைவு உறுதிப்படுகிறது. ஆண்டு எண்ணுக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். தாத்தா ஆடி மாதத்தில் தவறியதைத் தயங்காமல் சொல்பவர்கள், அது எந்த வருடம் என்றால் விரல்விட்டு எண்ண ஆரம்பிப்பார்கள். யாரும் அதைப் பாசக் குறைவு என்று சொல்ல மாட்டோம். பைடன் விஷயத்தில் இந்த ஒரு தகவலை மட்டும் அவ்வளவு பெரிய சான்றாகக் காட்டியது நியாயமில்லை என்பதே என் எண்ணம்.

சரிபார்ப்பவர் இல்லாதபோது

மீட்பு பழுதானால் விஷயம் வராமல் போவது மட்டும் நடப்பதில்லை. தவறான விஷயம் உண்மை போலவே வந்துவிடவும் செய்யும். இது முதல் வகையைவிட ஆபத்தானது.

டொரன்டோவின் மாரிஸ் மாஸ்கோவிச் 1989-இல் விவரித்த, எச்.டபிள்யூ. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் 61 வயது நோயாளியைப் பார்ப்போம். மூளையின் முன்புற இரத்தக்குழாய் ஒன்று வெடித்து அவருடைய நெற்றிப் பகுதி சேதமாகியிருந்தது. கல்யாணமாகி எவ்வளவு காலம் என்று கேட்டார்கள். நான்கு மாதம் என்றார். உண்மையில் 30 ஆண்டுக்கு மேல். எத்தனை குழந்தைகள்? நான்கு என்று சரியாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார். மூத்தவனுக்கு 32 வயது, கடைசிப் பையனுக்கு 22. நான்கு மாதத்தில் எப்படி என்று கேட்டதும், தத்தெடுத்தோம் என்றார். கேட்கக் கொஞ்சம் விசித்திரமாக இல்லையா என்றதற்கு, ஆமாம், கொஞ்சம் விசித்திரம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. குழந்தைகளின் எண்ணிக்கையும் வயதும் சரியாகவே வந்தன. 'நான்கு மாதம்' என்பதோடு இவை ஒட்டாது என்று நிறுத்திச் சொல்லும் வேலை மட்டும் நடக்கவில்லை. இதைப் புனைநினைவு என்கிறோம். நீண்ட காலக் குடியாலும் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைபாட்டாலும் வரும் கோர்சகாஃப் நோயிலும் இது தென்படும். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், "ஏன் பொய் சொல்கிறாய்?" என்று சண்டை போடுவது அவருக்கு இழைக்கும் அநீதி.

ஆரோக்கியமான மூளையிலும் மூலம் குழம்பும். ஆஸ்திரேலிய உளவியலாளர் டொனால்ட் தாம்சனை, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண், இவர்தான் குற்றவாளி என்று அடையாளம் காட்டினார். சம்பவம் நடந்தபோது தாம்சன் தொலைக்காட்சி நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தாக்கப்பட்டதற்குச் சற்றுமுன் அந்த நிகழ்ச்சியைப் பார்த்திருந்தார். முகம் உண்மையான நினைவு. அது எங்கிருந்து வந்தது என்பது தவறு. சாட்சி உறுதியாகப் பேசுகிறார் என்பதை மட்டும் வைத்து அவர் சொல்வது சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பதற்றமும் வயதும்

பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் மீட்பை நேரடியாகப் பாதிக்கின்றன. 2000-இல் டொமினிக் டி குவெர்வைன் குழு, படித்த சொற்களை அடுத்த நாள் நினைவுகூர வேண்டியவர்களுக்கு மன அழுத்த ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தது. படிப்பதற்கு முன்போ படித்த கையோடோ கொடுத்தபோது பாதிப்பில்லை. சோதனைக்கு முன்பு கொடுத்தபோது நினைவுகூர்வது குறைந்தது. பரீட்சை அறையில் வராத பதில் வெளியே வந்ததும் வருகிறது என்று பிள்ளை சொன்னால், அது சாக்குப்போக்கு இல்லை.

படித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டுத் தானாக எழுதிப் பார்ப்பது மீட்புக்கான நேரடிப் பயிற்சி. 2006-இல் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னே இருந்தார்கள்.

வயதாகும்போது முன்நெற்றிப் புறணி மற்றப் பல பகுதிகளைவிட அதிகமாகச் சுருங்குகிறது. அதனால் பெயர்கள் தாமதமாக வருவதும், சொன்னதையே திரும்பச் சொல்வதும், யார் சொன்னது என்று குழம்புவதும் இயல்பாகவே கூடும். பார்த்ததும் அடையாளம் காணும் திறன் அந்த அளவுக்குக் குறைவதில்லை. 2002-இல் ரொபெர்ட்டோ கபேசாவின் குழு கவனித்தது நம்பிக்கை தரும் விஷயம்: நினைவுச் சோதனையில் நன்றாகச் செய்த முதியவர்களின் மூளையில், இளைஞர்களைப் போல ஒரு பக்கம் மட்டும் இல்லாமல், முன்நெற்றிப் புறணியின் இரு பக்கமும் வேலை செய்தன.

எதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும்தான் முதலில் தாக்குகிறது. அங்கே பதிவே சரியாக நடப்பதில்லை. எனவே துப்பு கொடுத்தாலும் பெரிய பலன் இருக்காது. மீட்பு மட்டும் மந்தமானவருக்குத் துப்பு உதவும். மருத்துவர்கள் இந்த வேறுபாட்டை நேரடியாகவே சோதிக்கிறார்கள். பல நாடுகளில் பயன்படும் மான்ட்ரியால் அறிதிறன் சோதனையில் ஐந்து சொற்களைச் சொல்லி, சுமார் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பார்கள். வராத சொல்லுக்கு அதன் வகையைச் சொல்லிப் பார்க்கலாம், பிறகு மூன்று சொற்களைக் கொடுத்து அதில் எது என்றும் கேட்கலாம். எந்தக் கட்டத்தில் சொல் வந்தது என்பது, கோளாறு எந்தப் படியில் என்பதற்கு ஒரு தடயம்.

வீட்டில் கவனிக்கும்போதும் இதே கண்ணோடு பாருங்கள்:

1. கல்யாணத்துக்குப் போனதை மறந்தவரிடம், யார் வீட்டுக் கல்யாணம், மண்டபம் எங்கே என்று எடுத்துக் கொடுத்தால் "ஆமாம், பாயசம்கூட நன்றாக இருந்தது" என்று அவரே தொடர்கிறாரா? அப்படியானால் நினைவு உள்ளே இருக்கிறது.

2. எவ்வளவு சொன்னாலும், புகைப்படம் காட்டினாலும், அப்படி ஒன்று நடந்ததே தெரியாது என்கிறாரா? இது அடிக்கடி நடந்தால் தாமதிக்க வேண்டாம்.

3. நடக்காததை நடந்ததாக உறுதியாகச் சொல்கிறாரா? அது புதிதாக, திடீரென்று ஆரம்பித்திருந்தால் உடனே காட்ட வேண்டும்.

துப்பு உதவுகிறது என்பதால் மட்டும் கவலையில்லை என்று விட்டுவிடவும் கூடாது. மனச்சோர்வு, மூளை இரத்தக்குழாய் அடைப்பு, பார்க்கின்சன் நோய் ஆகியவற்றிலும் மீட்புதான் பெரும்பாலும் மந்தமாகும். தைராய்டு, பி12 குறைபாடு, தூக்கமின்மை, சில மாத்திரைகள் ஆகியவையும் ஞாபகத்தைக் குலைக்கும். இவற்றில் பல சிகிச்சையால் சரியாகக் கூடியவை. மருத்துவரிடம் போகும்போது "அப்பாவுக்கு மறதி" என்று நிறுத்திக்கொள்ளாமல், என்ன மறந்தார், எடுத்துக் கொடுத்தபின் வந்ததா வரவில்லையா, எப்போதிலிருந்து என்று இரண்டு மூன்று சம்பவங்களை எழுதிக்கொண்டு போங்கள். பரிசோதனை அறையில் அப்பா நன்றாகப் பேசிவிட்டாலும், அந்தத் தாள் மருத்துவருக்குப் பயன்படும்.